கட்டிடத்திடம் கணக்குக் கேட்ட அம்மையார்

ஒரு கட்டிடம் நன்றாக அமைந்ததா இல்லையா என்பதை யாரிடம் கேட்டு அறிவது? கட்டிய சிற்பியைக் கேட்டால் தூண்களின் ஒழுங்கைச் சொல்லுவார். பணங் கொடுத்த சர்க்காரைக் கேட்டால் செலவான தொகையைச் சொல்லும். வீதியில் போகிறவரைக் கேட்டால் முகப்பின் அழகைப் புகழ்ந்துவிட்டு நடப்பார். அதனுள்ளே இரவும் பகலும் கிடக்கிறவனை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அவன் நோயாளியாயின் பேசச் சக்தியற்றவன். சிப்பாயாயின் பேச அனுமதியற்றவன். ஏழையாயின் அவன் சொல் அம்பலம் ஏறாது. ஆயினும் அவன் வாயால் சொல்ல முடியாததை அவனுடைய நோயும் மரணமும் சொல்லும். அவற்றைப் பொறுமையுடன் எண்ணிப் பார்ப்பவர் ஒருவர் இருக்கவேண்டும், அவ்வளவே. அவ்விதம் எண்ணிப் பார்த்த ஒருவருடைய சரித்திரத்தையே இன்று நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்கக் கருதுகிறோம்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைக் கேளாதவர் படித்தவர்களுள் இலர். நள்ளிரவில் கையில் விளக்கேந்தி, காயம்பட்ட சிப்பாய்களின் படுக்கைகளினூடே நடந்து செல்லும் மாதரசியின் படம் நம்முடைய பாடப் புத்தகங்களிலும் உண்டு. அந்தப் படம் பொய்யன்று. ஆனால் அது அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறிய பகுதியைக் காட்டிப் பெரும்பகுதியை மறைத்துவிட்டது. அம்மையார் 90 ஆண்டுகள் வாழ்ந்தார். போர்க்கள ஆஸ்பத்திரிகளில் அவர் தொண்டு செய்தது இரண்டாண்டுகளுக்கும் குறைவான காலமே. அதன் பின் நெடுங்காலம் அவர் கையில் இருந்தது விளக்கன்று. பேனாவும் கணக்குப் புத்தகமுமே. ஆஸ்பத்திரிகளையும் படை வீடுகளையும், கடைசியாக ஒரு தேசத்தின் கிராமங்களையும், அவற்றில் வசிப்போருக்கு அவை என்ன நன்மை செய்தன, என்ன தீமை செய்தன என்று விடாமல் விசாரித்துக்கொண்டே அவர் காலங்கழித்தார். இவ்விசாரணையே அவர் உலகுக்கு விட்டுச்சென்ற பெருஞ் செல்வம் என்பது நமது கருத்து.

இளமை

1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் குழந்தைக்குச் சூட்டினர். செல்வக் குடும்பம், இங்கிலாந்தில் டார்பிஷயரில் ஒரு மாளிகை, ஹாம்ப்ஷயரில் ஒரு மாளிகை. தந்தையார் கல்வியிற் சிறந்தவராதலின், தம் இரு பெண்களுக்கும் கிரேக்கம், லத்தீன், சரித்திரம், தத்துவம் ஆகியவற்றைத் தாமே போதித்தார். இளைய மகளுக்கு இவற்றினும் கணக்கின் மீதே அதிக ஆசை. எண்களை நிரல்படுத்திப் பார்ப்பதில் மற்றப் பெண்களுக்கு நாட்டியத்தில் உண்டாகும் இன்பம் அவருக்கு உண்டாயிற்று.

பதினேழாம் வயதை எட்டுமுன்பே, ஆண்டவன் தம்மை ஏதோ ஒரு தொண்டுக்கு அழைக்கிறான் என்ற எண்ணம் அவர் உள்ளத்திற் பதிந்தது. அத்தொண்டு நோயாளிகளைப் பேணுவதே எனப் பின்னர்த் தெளிந்தார். ஆனால் அக்காலத்தில் தாதி வேலை கௌரவமான குடும்பத்துப் பெண்கள் நினைத்தும் பாராத இழிதொழிலாக இருந்தது. தாயும் தமக்கையும் அழுதனர், தந்தை தடுத்தார். ஆண்டுகள் பல வீணாகக் கழிந்தன. அக்காலமெல்லாம் அவர் விடியற்காலையில் எழுந்து, ஐரோப்பிய நாட்டு ஆஸ்பத்திரிகளின் அறிக்கைகளை வருவித்து, அவற்றிலுள்ள எண்களைத் தம் குறிப்புப் புத்தகங்களில் எழுதிவந்தார். 1851-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதம் தங்கி, நோயாளிகளைப் பேணும் முறையைப் பயின்றார்.

1853-ஆம் ஆண்டில் லண்டன் ஹார்லி வீதியில், நோயுற்ற மாதர்க்கென ஏற்பட்ட ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் நிர்வாகம் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அங்கே அவர் முதலிற் செய்ய விரும்பிய சீர்திருத்தங்களைக் கவனித்தால் அவருடைய மனப்போக்கு விளங்கும். ஒவ்வொரு மாடிக்கும் குழாய் மூலம் வெந்நீர் வரவேண்டும் என்றார். கீழேயுள்ள சமையற்கட்டிலிருந்து உணவு, கயிற்றில் ஏறி இறங்கும் ஒரு பெட்டியில் வைத்து மேலே அனுப்பப்படவேண்டும் என்றார். நோயாளி மணியை இழுத்தால் அது அந்தந்த மாடியிலுள்ள தாதியின் அறை வாசலில் ஒலிக்கவேண்டும். அழைத்தவர் இன்னார் என்று காட்டும் மூடி திறந்தபடியே நிற்கவும் வேண்டும் என்றார். இவையெல்லாம் அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் அவருடைய எண்ணம் இதுவே: மாடிப்படியில் நாள் முழுவதும் ஏறி இறங்கித் தாதியின் கால்கள் ஓய்ந்துபோமாயின், அவளுடைய அன்பு நோயாளியின் படுக்கையை எட்டாது. தொண்டரின் குற்றமாக நாம் கருதுபவற்றுள் எத்தனையோ, உண்மையில் கட்டிடத்தின் குற்றங்களே.

ஸ்கூட்டாரி

1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் பிரான்ஸும் துருக்கியுடன் சேர்ந்து ருஷ்யாவை எதிர்த்துக் கிரீமியாவில் யுத்தம் தொடங்கின. காயமடைந்தவர்களும் நோயுற்றவர்களும் கப்பலேற்றப்பட்டு, கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய பரிதாப நிலையைப் பத்திரிகைகள் வெளியிடவே, ஆங்கில ஜனங்கள் கொதித்தெழுந்தனர். மந்திரி சிட்னி ஹெர்பர்ட், அம்மையாரைத் தாதியர் குழுவொன்றுடன் செல்லுமாறு வேண்டினார். 38 தாதியருடன் அக்டோபர் 21-ந் தேதி புறப்பட்ட அம்மையார் நவம்பர் முதல் வாரத்தில் ஸ்கூட்டாரியை அடைந்தார்.

ஆஸ்பத்திரி என்று பெயரிடப்பட்டிருந்தது உண்மையில் துருக்கியரின் மாபெரும் படை வீடு. நடுவே பரந்த முற்றம், நாற்புறமும் மாடிகள், மூலைகளில் கோபுரங்கள். தூரத்திலிருந்து பார்ப்போர் வியந்து நிற்கக்கூடிய கம்பீரம். உள்ளே சென்றால், தாழ்வாரங்களிலெல்லாம் இரு வரிசையாகச் சிப்பாய்கள் கிடந்தனர். ஒரு படுக்கைக்கும் மறு படுக்கைக்கும் இடையே ஒன்றரை அடிகூட இல்லை. வரிசைகளை ஒன்றாகச் சேர்த்து அளந்தால் நான்கு மைல் தூரம் வரும். அம்மையாரும் அவர் தோழியரும் இரவு பகல் பாராது உழைத்தனர். துணி வெளுக்க ஏற்பாடு செய்தனர், தக்க உணவு சமைப்பித்தனர், தரையைத் துலக்கினர், சர்க்கார் கொடாத சாமான்களைச் சந்தாப் பணத்தால் வாங்கினர். இவ்வளவும் செய்தும் மரணம் குறையவில்லை. 1855-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கே சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 42 பேர் வீதம் மடிந்தனர்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் கமிஷன் ஒன்று வந்தது. டாக்டர் சதர்லண்ட், டாக்டர் காவின், எஞ்சினீயர் ராலின்ஸன் ஆகியோர் அதன் அங்கத்தினர். அவர்கள் நோயாளியின் நாடியைப் பாராமல் கட்டிடத்தின் நாடியைப் பார்த்தனர். அழகிய அம்மாளிகையின் அடியில் அடைபட்ட சாக்கடைகள் நிரம்பிக் கிடந்தன. அவற்றின் நாற்றமே குழாய்களின் வழியாக மேலேறி வார்டுகளில் புகுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் வரும் வழியில் செத்த குதிரையின் உடல் கிடந்தது. முதல் இரு வாரங்களில் 556 கைவண்டி அளவு குப்பை அகற்றப்பட்டது. இறந்த பிராணிகள் புதைக்கப்பட்டன. சாக்கடைகள் கழுவி விடப்பட்டன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. காற்றுக்கு வழி திறக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் மரணம் 100-க்கு 2 ஆகக் குறைந்தது. வைத்தியர்கள் அவர்களே, தாதியர் அவர்களே, மருந்தும் அதுவே. மாறியது கட்டிடம் ஒன்றுதான்.

கணக்கு உரைத்த உண்மை

இவ்வுண்மையின் முழு அளவையும் அம்மையார் அப்பொழுதே உணர்ந்தாரில்லை. உணவுக் குறைவும், உடைக் குறைவும், கடுங்குளிரில் செய்த ஓயாத வேலையுமே சிப்பாய்களைக் கொன்றன என்று அவர் நம்பியிருந்தார். 1856-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பியவர், தமக்கென ஏற்பாடாகியிருந்த வரவேற்பு ஊர்வலங்களையெல்லாம் தவிர்த்து ஓசையின்றி வீடு சேர்ந்தார். பின்னர், ஜனன மரணக் கணக்கு இலாகாவில் புள்ளிவிவர நிபுணராயிருந்த டாக்டர் வில்லியம் பார் என்பவருடன் உட்கார்ந்து, யுத்தகால மரணக் கணக்குகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அப்பொழுது ஒரு கொடிய உண்மை வெளிப்பட்டது. போர்முனைக்கு அருகே வசதியெதுவுமின்றி நடந்த சிறு ஆஸ்பத்திரிகளில் இறந்தோரைவிட, தாம் இரவு பகலாகக் காத்துநின்ற ஸ்கூட்டாரி மாளிகையில் இறந்தோரின் விகிதமே அதிகம். காப்பாற்றுவதற்கென்று கொண்டுவரப்பட்டவர்களைக் காப்பிடமே கொன்றிருக்கிறது. அவரும் அதனுள்ளேதான் விளக்குடன் நடந்திருக்கிறார்.

இக்கண்டுபிடிப்பு அவர் மனத்தை எவ்வளவு வருத்தியது என்பதில் சரித்திராசிரியர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. 1857-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் தேகம் தளர்ந்து வீழ்ந்தார். அதன் பின் நெடுங்காலம் நோயாளியாகவே அறைக்குள் வாழ்ந்தார் என்பது மட்டும் நிச்சயம். உலகம் அவரைத் தேவதையாகப் போற்றிக்கொண்டிருந்தது. அப்புகழ்ச்சியை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவரை யார் குறை கூறியிருப்பர்? அவரோ தம் புகழுக்கு ஆதாரமாயிருந்த ஆஸ்பத்திரியே பெரிய சவக்கிடங்காயிருந்தது என்பதைச் சர்க்காரின் முன் எண்களால் நிரூபிக்க முற்பட்டார். தம்முடைய தொண்டு நடந்த இடத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் துணிவு பொதுவாழ்வில் எளிதிற் காணக் கிடைப்பதன்று.

எண்களைக் கண்டால் மந்திரிகள் கொட்டாவி விடுவர் என்பதை அவர் அறிவார். ஆதலால் 1858-ஆம் ஆண்டில், மாதந்தோறும் இறந்தவர்களின் தொகையை வட்டத்தின் இதழ்களாக வரைந்து, காயத்தால் இறந்தவர்க்கு ஒரு நிறமும், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்க்கு வேறொரு நிறமும் தீட்டி அச்சிட்டார். பகைவனின் குண்டுக்குப் பலியானவர்களின் இதழ் சிறியது. அசுத்தத்துக்குப் பலியானவர்களின் இதழ் அதைப் பன்மடங்கு விழுங்கி விரிந்தது. அவருடைய முயற்சியால் 1857-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ராயல் கமிஷன், சமாதான காலத்தில் இங்கிலாந்திலேயே படை வீடுகளில் வசித்த வாலிபச் சிப்பாய்கள், அதே வயதுள்ள மற்ற ஜனங்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு விகிதத்தில் இறந்துவருவதை வெளிப்படுத்தியது. திடகாத்திரரென்று தேர்ந்தெடுத்து எடுக்கப்பட்டவர்களின் கதி இது.

நெட்லி மாளிகை

அம்மையார் எல்லாப் போரிலும் வென்றவரல்லர். 1856-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஸவுதாம்ப்டனுக்கு அருகே நெட்லி என்னுமிடத்தில், கடற்கரையில் ஒரு பெரிய ராணுவ ஆஸ்பத்திரிக்கு விக்டோரியா மகாராணி அஸ்திவாரக் கல் நாட்டினார். கட்டிடத்தின் படங்கள் பின்னர் அம்மையாரின் பார்வைக்கு வந்தன. கால் மைல் நீளமுள்ள முகப்பு. கடலில் செல்லும் கப்பல்களிலிருந்து பார்த்தால் ராஜ மாளிகைபோல் விளங்கும். ஆனால் வெயிலும் கடற்காற்றும் வரும் பக்கம் முழுவதும் நடைத் தாழ்வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நோயாளிகள் படுக்கும் சிறு சிறு அறைகளோ பின்புறத்தில், சூரியன் எட்டிப் பாராத திக்கை நோக்கி அமைந்திருந்தன. காற்று ஓர் அறையிலிருந்து தாழ்வாரத்திற்கும், தாழ்வாரத்திலிருந்து மறு அறைக்குமாகச் சுற்றிவரும் ஏற்பாடு.

அம்மையார் யுத்த மந்திரி பான்மியூர் பிரபுவிடம் முறையிட்டார். பயன் இல்லாமற் போகவே, தம் குடும்பத்துக்கு நண்பராயிருந்த பிரதம மந்திரி பாமர்ஸ்டன் பிரபுவையே நேரிற் கண்டு விளக்கினார். பிரதம மந்திரி அவர் கட்சியை ஒப்புக்கொண்டு, வேலையை நிறுத்தும்படி எழுதவும் செய்தார். எனினும் அதற்குள் பெருந்தொகை செலவாகிவிட்டது என்ற காரணம் முன்வந்து நின்றது. சில ஜன்னல்களும் சில சிறு மாறுதல்களுமே கிடைத்தன. 1863-ஆம் ஆண்டில் நெட்லி திறக்கப்பட்டது. நூறாண்டு காலம் அசௌகரியமான கட்டிடம் என்ற பெயருடன் நின்று, 1966-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. நடுவிலிருந்த கோயில் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. தொடங்கிவிட்டோம், பணம் செலவாகிவிட்டது என்ற இரண்டு வாக்கியங்களுக்காக எத்தனை தலைமுறை நோயாளிகள் வெயிலின்றிக் கிடந்தனர் என்பதை எண்ணினால் மனம் பதறுகிறது.

தோல்வியை அம்மையார் வீணாக்கவில்லை. 1859-ஆம் ஆண்டில் ஆஸ்பத்திரிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருத்தலே ஆஸ்பத்திரியின் முதற்கடமை என்பது அந்நூலின் அடிப்படை. அவர் வகுத்த வார்டு நீண்டது; ஏறக்குறைய முப்பது படுக்கைகள் கொண்டது; இருபுறமும் எதிரெதிராக ஜன்னல்கள்; இரண்டு படுக்கைக்கு ஒரு ஜன்னல்; உயர்ந்த மேல்தளம்; எல்லாப் படுக்கைகளையும் ஒரே பார்வையில் காணும் வகையில் தாதியின் அறை. ஒவ்வொரு வார்டுக் கட்டிடமும் தனித்து நிற்க, நடுவே காற்றும் வெயிலும் உலவவேண்டும். அடுத்து வெளியிட்ட தாதியர் நூலில், படுக்கையில் கிடப்பவன் ஜன்னலின் வழியே வெளியுலகைக் காண முடிகிறதா, கதவுக்கு அப்பால் குசுகுசுவென்று பேசும் பேச்சு அவன் நெஞ்சை எப்படி வருத்துகிறது, ஒரே சுவரை நாள் முழுவதும் நோக்கிக் கிடப்பவனுக்கு ஒரு மலர்க்கொத்தின் நிறம் எவ்வளவு ஆறுதல் என்பவற்றையெல்லாம் ஆராய்ந்தார். நின்றுகொண்டு பார்ப்பவன் கண்ணால் அல்லாமல், படுத்துக் கிடப்பவன் கண்ணால் அறையைப் பார்த்தவர் அவர்.

அவருடைய உறவினரை மணந்த டக்ளஸ் கால்ட்டன் என்னும் எஞ்சினீயர் இம்முறையில் ஊல்விச்சில் கட்டிய ஹெர்பர்ட் ஆஸ்பத்திரி 1865-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. லண்டனில் பார்லிமெண்டுக்கு எதிர்க்கரையில் ஸெயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரி 1871-ஆம் ஆண்டில் இம்முறையிலேயே எழுந்தது. இதற்கிடையே, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கெழுதிவந்ததால் ஒன்றையொன்று ஒப்பிட முடியாதிருந்ததைக் கண்டு, எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவான கணக்குப் பாரங்களைத் தயாரித்து, 1860-ஆம் ஆண்டு லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவரக் காங்கிரஸின் முன் வைத்தார்.

தம் ஸ்தாபனத்தையே மூடியவர்

பிறர் கட்டியதைக் குறை கூறுவது எளிது. தாம் ஏற்படுத்தியதை அதே தராசில் நிறுப்பவர் அரியர். 1860-களின் தொடக்கத்தில் அம்மையாரின் பெயரால் திரட்டப்பட்ட நிதியைக்கொண்டு, லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்கப் பிரசவ வார்டு ஒன்று திறக்கப்பட்டது. ஏழைத் தாய்மார் அங்கே வந்து பிள்ளை பெற்றனர். நல்ல நோக்கம், நல்ல தாதியர், நல்ல பெயர். ஆயினும் பிரசவ ஜுரம் புகுந்தது. கணக்கெடுத்துப் பார்க்கையில் அந்த வார்டில் பிரசவித்த தாய்மாரில் 1,000-க்கு 30-க்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். இங்கிலாந்து முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அவ்விகிதம் 1,000-க்கு ஐந்து அளவே. குடிசையில் பிள்ளை பெற்றவள் பிழைத்தாள்; தர்ம ஸ்தாபனத்தை நம்பி வந்தவள் இறந்தாள்.

1867-ஆம் ஆண்டில் அந்த வார்டு மூடப்பட்டது. மூடியதோடு விஷயத்தையும் மூடிவிடவில்லை அம்மையார். ஐரோப்பாவெங்குமிருந்து பிரசவ ஆஸ்பத்திரிகளின் கணக்குகளைத் திரட்டி, தம்முடைய வார்டின் தோல்வியையும் அவற்றுடன் சேர்த்து, 1871-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பல தாய்மாரை ஒரே இடத்தில் அடைப்பதே ஆபத்து. தனித்தனிச் சிறு அறைகளே தக்கவை. அதுவும் இயலாதாயின் வீடே மேல் என்று தம் முடிவைக் கூறினார். தாம் திறந்துவைத்த ஸ்தாபனத்தால் தீங்கு நேர்ந்ததென்று தாமே அச்சிட்டு வெளியிடும் நேர்மை நம் காலத்துப் பொது நிர்வாகிகளுக்கும் வாய்க்குமாயின் எவ்வளவு நலம்!

இந்தியாவும் அம்மையாரும்

நம் தேசத்துக்கும் அவருக்கும் இருந்த தொடர்பை இங்கே விசேஷமாகக் கூறவேண்டும். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரத்தை விசாரிக்க 1859-ஆம் ஆண்டில் ராயல் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. இந்தியாவில் ஆங்கிலச் சிப்பாய்கள் ஆண்டுதோறும் 1,000-க்கு 69 பேர் வீதம் இறந்துவந்தனர். அம்மையார் நம் நாட்டுக்கு ஒருபொழுதும் வந்ததில்லை. ஆனால் கேள்விகள் அடங்கிய பாரம் ஒன்றைத் தயாரித்து, இங்கிருந்த படை நிலையங்கள் அனைத்துக்கும் அனுப்பச் செய்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர், பக்கத்திலுள்ள கடைத்தெருவும் கிராமமும் எந்நிலையில் உள்ளன என்பனவே அக்கேள்விகள். வந்து குவிந்த பதில்கள் வீட்டை நிறைத்தன. 1863-ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை இரண்டு பெரிய சம்புடங்களாக 2,000 பக்கங்களுக்கு மேல் நீண்டது. அதன் பயனாக அடுத்த ஆண்டில் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன.

இவ்விசாரணையில் ஒரு பெருங்குறை இருந்ததை நாம் மறைக்கலாகாது. கேள்விகளுக்குப் பதில் எழுதியவர்கள் வெள்ளை அதிகாரிகள். விசாரணை தொடங்கியது வெள்ளைச் சிப்பாயின் உயிரைக் காக்கவே. அவனைச் சூழ்ந்து வாழ்ந்த கோடிக்கணக்கான ஜனங்களை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அம்மையாரின் பெருமை, தம் கணக்கு காட்டிய வழியில் தயங்காமல் சென்றதில் உள்ளது. படை வீட்டின் சுவருக்குள் மட்டும் சுத்தத்தை நிறுத்திவைக்க முடியாது. கிராமம் நலமுறாமல் படை வீடு நலமுறாது. குடியானவன் பசித்திருக்கக் கிராமம் நலமுறாது என்று அவர் படிப்படியாகக் கண்டார். ஆகவே படுக்கை, ஜன்னல் என்று தொடங்கிய விசாரணை பாசனம், பஞ்சம், நிலவரி, குடியானவனின் கடன் என்றவாறு விரிந்தது. காவேரி, கோதாவரி அணைகளால் பேர் பெற்ற ஸர் ஆர்தர் காட்டனுடன் சேர்ந்து, பாசன வேலைகளுக்காக வாதாடினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் இலட்சோப இலட்சம் ஜனங்கள் மாண்டபொழுது, 1878-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பத்திரிகையொன்றில் இந்திய ஜனங்களைப் பற்றிக் கட்டுரை எழுதி, தம் நாட்டாரின் அசட்டையைக் கண்டித்தார். பூனா ஸார்வஜனிக் சபையாருடன் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார். ரிப்பன் பிரபுவின் சீர்திருத்தங்களை ஆதரித்தார். முதுமையிலும் நம் கிராமங்களின் சுகாதாரத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். அதிகாரிகளின் காகிதத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் குடியானவனின் வாசலை எட்டுவதற்கு இருபது ஆண்டுகள் ஆயின. எத்தனையோ அதிகாரிகள் அவ்வாசலில் இருபது ஆண்டுகள் வசித்தும் அதை எட்டாமலே கப்பலேறினர்.

குறைகள்

அம்மையாரின் விஞ்ஞானம் முழுவதும் சரியானதன்று. துர்க்காற்றே நோய்க்குக் காரணம் என்பது அவர் கொள்கை. நுண்கிருமிகளைப் பற்றிய புதிய உண்மையை அவர் நெடுநாள் ஏற்கவில்லை. பிற்காலத்தில்தான் தம் கருத்தைத் தளர்த்தினார். எனினும் காரணம் பிழையாயினும் கணக்குப் பிழையாகவில்லை. காற்றும் வெயிலும் சுத்தமும் இடைவெளியும் உள்ள இடத்தில் மரணம் குறைகிறது என்பதை எண்கள் காட்டின. அவ்வுண்மை இன்றும் நிற்கிறது. அவர் வகுத்த நீண்ட வார்டையும் பின்வந்தோர் அவருடைய தராசிலேயே நிறுத்தனர். முப்பது பேர் ஒரே அறையில் கிடப்பதால் மறைவில்லை, இரவில் உறக்கமில்லை என்று நோயாளிகள் கூறவே, சிறு அறைகள் வந்தன. இது அவருக்கு அவமதிப்பன்று. அவர் கற்பித்த பாடத்தை அவர் கட்டிடத்தின் மீதே பிரயோகித்தலாகும்.

1907-ஆம் ஆண்டில் ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயரிய விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அப்பொழுது அவர் கண்ணொளியும் நினைவும் மங்கியிருந்தன. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி லண்டனில் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபொழுது உறவினர் மறுத்து, ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமக் கோயிலின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.

2020-ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளை நோய் பரவியபொழுது, லண்டனில் கண்காட்சி மண்டபம் ஒன்று சில நாட்களில் பெரிய ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டு, அம்மையாரின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஆயிரக்கணக்கான படுக்கைகளுக்கு அதில் இடமிருந்தது; ஆனால் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் மிகச் சிலரே. படுக்கையை விரித்துவிடலாம், பக்கத்தில் நிற்பதற்குப் பயின்ற தாதி வேண்டாமா? அம்மையார் உயிருடன் இருந்திருந்தால், தம் பெயர் எழுதிய பலகையைப் பார்த்து மகிழ்ந்திரார். கணக்குப் புத்தகத்தையே முதலிற் கேட்டிருப்பார்.

பொதுத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள் இச்சரித்திரத்திலிருந்து கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, குடியிருப்பு, கக்கூசு எதுவாயினும், அது வேண்டுமென்று போராடுகிறோம். கிடைத்தால் திறப்பு விழா நடத்துகிறோம். மாலையும் கல்வெட்டும் ஆனபின் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. திறப்பு விழாவுக்குச் சென்றவர்கள் ஓராண்டு கழித்து, மாலையின்றி, ஒரு குறிப்புப் புத்தகத்துடன் அதே இடத்துக்குச் செல்லட்டும். குழாயில் நீர் வருகிறதா, பிள்ளைகளின் பலகைமேல் வெளிச்சம் விழுகிறதா, பெண்கள் இரவில் அஞ்சாமல் அவ்வழியே நடக்கின்றனரா, கிழவர் ஒருவர் அந்தப் படியில் ஏற முடிகிறதா என்று அங்கே இருப்பவர்களையே கேட்டு எழுதட்டும். பேச இயலாதவர்களுக்காக எண்ணிப் பார்க்கட்டும். அக்கணக்கு நமக்கே பாதகமாக இருப்பினும் மறைக்காமல் வெளியிடட்டும். விளக்கேந்திய அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான வணக்கம் அதுவே.